போட்டுக்குப் போகும் காய்ந்த காய்

நாகர்கோவிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் பெரிய துணிப்பை. அவள் சொன்ன ஒரு பேச்சுக்குத்தான் நான் காது கொடுத்தேன்.

"எனக்க மாப்பிள இந்தத் தடவ போட்டுல மீன் தின்ன மாட்டாருக்கா."

"மீன் பிடிக்கப் போறவன் மீன் தின்ன மாட்டானா? நல்ல கூத்துட்டி!"

"மோளுக்குக் காய்ச்சல் மாறினா தவசுகாலம் முடிஞ்சு ஈஸ்டர் வர்ற வர மீன் தொட மாட்டேன்னு மாதாவுக்கு நேர்ந்தாரு. மாறிட்டு. போட்டு கரைக்கு வர ஒரு மாசம் ஆவும். பச்சக் காயி நாலு நாள்ல அழுவிப்போவும். அதான் காரட்டு, பீன்சு, முட்டக்கோசு எல்லாம் நறுக்கி மொட்டமாடி வெயில்ல உணக்கினேன். தக்காளியும் முருங்க எலையும் பொடி."

மாதா பெயரைக் கேட்டதும் என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மூத்தவள் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். "இந்தச் சருவத் தின்னுட்டா வல இழுப்பான்?"

"பத்து நாளா நானும் இதத்தான் தின்னுட்டு மீன் சொமந்து விக்கேன். தல சுத்தல்ல. வெந்நியில போட்டா ஊறிரும்."

"போட்டுல தெனமும் மீனாத் தின்னு நாக்கு மடுத்துப்போன மத்தவன்மாரு இதக் கண்டா விடுவானுவளா? கேட்டா ஒனக்க மாப்பிள எடுத்துக் குடுத்துருவான். பொறவு அவனுக்கு வெறுஞ்சோறுதான்."

"கேக்க மாட்டாவ. எல்லாத்துலயும் பாவக்காப் பொடி கலந்து வச்சிருக்கேன்."

"அவனுக்குப் பாவக்கா பிடிக்குமாட்டி?"

"பிடிக்காது," என்றாள் இளையவள். "நேர்ச்சதானக்கா, தின்னட்டும்."