கிளியரா, லதா?

— செத்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு இந்து. மத்தத அப்புறம் பேசிக்கலாம்.

— செத்துச்சு மாமா. எங்க காலேஜ் லேப்ல கிருமிய தட்டுல வளத்து, நடுவுல உங்க எலுமிச்சம்புல் எண்ணெய ஒரு சொட்டு வெச்சேன். சுத்தி ஒரு பெரிய வட்டத்துக்குக் கிருமியே இல்ல.

— கேட்டியா லதா? பாலகாட் தங்க மைன் ஓரத்துல, நம்ம ஊட்டு பின்னால காய்ச்சுன எண்ணெ. பெங்களூரு காலேஜே ஒத்துக்கிச்சு.

— கேட்டுச்சு. வந்த பொண்ண மொதல்ல உக்கார சொல்லுங்க.

— இருங்க அத்தை. மாமா, முழுசா கேளுங்க. அந்த எண்ணெய்ல முக்காவாசி சிட்ரால்னு ஒரு ரசாயனம். கிருமியோட தோல கிழிக்கறதே அதான். நம்ம தோலையும் அது சும்மா விடாது. அத்தை கால் புண்ணுக்கு எதாச்சும் கலந்துதானே போடுறீங்க?

— இன்னாத்துக்கு கலக்கணும்? அப்படியே ஊத்துறேன். எரியுதுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல உங்க அத்தை.

— சுகர்ல கால் மரத்துப் போச்சு மாமா, எப்படி எரியும்? தட்டுல செத்தது வேற, சதைக்குள்ள இருக்கறது வேற. ஆஸ்பத்திரி மாத்திரை குடுக்கறீங்கல்ல?

— எண்ணெ போட ஆரம்பிச்சதும் நிறுத்தியாச்சு. அழுகியிருந்தா நாறணுமில்ல? துளி வாடை கெடையாது.

— உங்களுக்கு ஏது மூக்கு மாமா? வெடிப் புகையில போயிடுச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க.

— அதுக்குதான் உங்க அத்தை இருக்காளே. மைன்ல வெடி போட்டதும் மூக்கு நல்லா இருக்கறவன் முன்னால போய் மோந்து பாத்து, 'கிளியர்'னு கொரல் குடுப்பான். அப்புறம்தான் நாங்க போவோம். அதுல எவனும் பொய் சொல்லமாட்டான், உயிராச்சே. இங்கயும் அதான். காலைல கட்டு பிரிச்சதும் கேப்பேன், கிளியரா லதா? கிளியருன்னுவா.

— அத்தை, கால நீட்டுங்க. மாமா, ரெண்டு விரலும் கறுத்துப் போச்சே.

— அது எண்ணெ பட்டு கறுத்தது கண்ணு.

— எண்ணெ இல்ல மாமா. வாசப்படிலயே எனக்கு நாத்தம் வந்துச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரி போகலன்னா காலே மிஞ்சாது. ஆட்டோ கூப்புடுங்க.

— லதா. நான் தெனம் கேட்டனே.

— கேட்டீங்க. மைன் மூடுனதுலேர்ந்து செவுத்த பாத்து உக்காந்திருந்த மனுசன், இந்த எண்ணெ அடுப்பு பத்த வெச்சப்புறம்தான் ஷிஃப்டுக்குப் போறவரு மாதிரி விடிஞ்சதும் எழுந்தீங்க. கிளியர் இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்?