கோணாத வரிகள்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். கையில் இருக்கும் கடிதத்தைக் கசக்க வேண்டாம், நல்ல காகிதம். உங்கள் கையெழுத்துதான், ஆனால் நீங்கள் எழுதவில்லை என்கிறீர்கள். உண்மைதான். காகிதத்தைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

என் தொழில் எழுத்துரு வரைவது. கல்யாணப் பத்திரிகை, வாசனைச் சோப்பின் உறை, நகைப்பெட்டி, இவற்றுக்கெல்லாம் வளைந்து நெளிந்து ஒயிலாக ஓடும் எழுத்துகள் வேண்டும். போன வருடம் என் தங்கை உங்கள் கடிதங்களை என் மேஜையில் கொண்டுவந்து பரப்பினாள்.

"பாலம் கட்டுறவருக்கு எப்படிக் கையெழுத்து பாருக்கா. இதை ஃபான்ட்டா பண்ணிக் குடேன், எங்க பத்திரிகைக்கு."

"லவ் லெட்டரை அக்காகிட்ட காட்டுறியே, வெக்கமா இல்லையாடி?"

"நீ எழுத்தைத்தானே பார்ப்ப. அர்த்தத்தை எங்க பார்க்கப் போற?"

அவள் சொன்னது பாதி உண்மை. எட்டு மாதம் அந்தக் கடிதங்களோடுதான் இருந்தேன். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று விதமாக வரைந்தேன். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அச்சு என்று தெரிந்துவிடும். மாறி மாறி வந்தால் கை என்று நம்புவார்கள். 'ழ'வின் வாலை நீங்கள் எவ்வளவு செல்லமாகச் சுழிக்கிறீர்கள் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

உங்களிடம் ஒரே ஒரு குறை. போகப் போக வரி மேலே ஏறும். அதை நான் சமன் செய்துவிட்டேன். கோணல் வரியை அப்படியே விட என் கை ஒத்துக்கொள்ளாது.

அந்த எழுத்துருவில் முதலில் வெளியே போனது பத்திரிகை அல்ல, இந்தக் கடிதம்தான். பேனாவைப் பிடித்து எழுதும் இயந்திரம் ஒன்று என் அலுவலகத்தில் இருக்கிறது. 'நம் கல்யாணம் நடக்காது. காரணம் கேட்காதே. என்னைக் கூப்பிடாதே.' மூன்றே வாக்கியம். நீங்கள் சுருக்கமாக எழுதுகிறவர்.

அவள் இரண்டு முறை படித்தாள். "இவ்வளவு நேரா அவர் எழுதினதே இல்லையேக்கா" என்றாள்.

"மனசுல முடிவு பண்ணிட்டா எழுத்தும் நேரா வரும்டி" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ரோஷக்காரி. அன்றே கைபேசியில் உங்கள் எண்ணைத் தடுத்துவைத்தாள்; கடிதத்தை உங்களுக்கே திருப்பி அனுப்பினாள். நீங்களும் ரோஷக்காரராக இருப்பீர்கள் என்று நினைத்தேன். இப்படிப் பையும் கையுமாக வாசலில் வந்து நிற்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஏன் செய்தேன் என்றால், அவள் நல்லதுக்காகத்தான். பாலத்துக்குப் பாலம் ஊர் மாறுகிறவரோடு அவள் எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிறவள். உங்கள் எழுத்தின் அருமை தெரியாதவள். மற்றபடி எனக்கென்று இதில் எதுவும் இல்லை.

உள்ளே பாத்திரம் விழுந்தது கேட்டதா? அவள்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். போய்ப் பேசுங்கள். உடனே மனம் இறங்கமாட்டாள், ஆனால் இறங்குவாள். கல்யாணத்தை நடத்திக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

அவளுக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள் மேல் இழுப்பறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் இழுப்பறையை மட்டும் திறக்க வேண்டாம். அதில் இருக்கும் நாற்பத்திரண்டும் நீங்கள் எனக்கு எழுதியவை. ஒன்றில்கூட வரி மேலே ஏறாது.