பின்பக்கம் சுற்றாத புடவை

பகல் பன்னிரண்டேகால். பூதலூரைத் தாண்டிக் கால்வாய்க் கரையோரம் போகிற ஒற்றைச் சாலை... பேய்க்கதைக்கு நடுப்பகலா என்று சிரிக்காதீர்கள். ராத்திரி வருவதற்காவது கதவைச் சாத்திக்கொள்ளலாம். கிட்டே வந்து உட்காருங்கள். அந்தப் போனைக் கவிழ்த்து வையுங்கள். நடந்தது என் சிநேகிதியின் நாத்தனார் சான்ட்ராவுக்கு.

சான்ட்ராவுக்குச் சென்னையில் வேலை. பழைய துணிமணிகளைப் பொம்மைகளுக்கு உடுத்திக் கண்காட்சி வைக்கிறவள். அந்த வருஷம் முதன்முதலாக அவள் பெயரிலேயே ஒரு கண்காட்சி, தஞ்சைப் பக்கத்துக் கல்யாணப் புடவைகள். அதற்காக விண்ணரசியிடம் அவருடைய கூறைப்புடவையைக் கேட்டு வாங்கியிருந்தாள். விண்ணரசி ரிட்டயர்டு நர்ஸ், பூண்டிப் பக்கம் வீடு, கறாரான மனுஷி.

"நான் செத்தா இதைக் கட்டித்தான் பெட்டியில வைக்கணும், எங்க வீட்டு வழக்கம். கேட்ட அன்னிக்குக் கொண்டாந்துடணும்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். சான்ட்ராவும் மாதா மேல் சத்தியம் செய்தாள்.

கண்காட்சிக்குக் கூட்டம் அள்ளியது. எல்லாரும் நின்று போட்டோ எடுத்தது அந்தப் புடவைக்கு முன்னால்தான். பதினைந்து நாள் நீட்டித்தார்கள். நடுவில் விண்ணரசி போன் செய்து, "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு, புடவையை அனுப்பிடு" என்றார். "சலவைக்குப் போயிருக்குங்க ஆன்ட்டி, அடுத்த வாரம்..." என்று இவள் வாய் கூசாமல் பொய் சொன்னாள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் அனுப்பவில்லை.

கடைசி நாள் விழாவுக்காகப் போனை சைலண்டில் போட்டாள். மறுநாள் விடியுமுன் பொம்மையிலிருந்து புடவையைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துக் காரைக் கிளப்பினாள். அப்போதும் போனைப் பார்க்கவில்லை. விண்ணரசியின் பெயர் இருக்குமே என்று பயம்.

கால்வாய்க் கரையில் ஒரு ஆள் இல்லை. மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்... அது சட்டென்று நின்றது. தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம்தான் இல்லை.

மதகை ஒட்டி விண்ணரசி நின்றார். நீலப் புடவை. பன்னீர் வாசனை, அதற்கடியில் அப்போதுதான் வெட்டிய மண் வாசனை.

சான்ட்ரா பெட்டியோடு இறங்கினாள். "ஆன்ட்டி, இந்த வெயில்ல ஏன்..."

"குடு." பெட்டியை வாங்கின விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"வண்டியில ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன்."

"நான் வீட்டுக்குப் போகலம்மா."

விண்ணரசி திரும்பிக் கரையோரம் நடந்தார். அப்போதுதான் சான்ட்ரா பார்த்தாள். புடவை முன்பக்கம் மட்டும்தான் இருந்தது, அழகாக மடிப்பெடுத்து, ஊசி குத்தி. பின்னால் சுற்றே இல்லை. வெறும் பாவாடை, அதில் அப்பிய களிமண். கண்காட்சிப் பொம்மைக்கு இவள் கட்டுவதும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு முன்பக்கம் போதுமே.

எப்படிக் காரை ஓட்டினாளோ, விண்ணரசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் பந்தல். மகன் அருள்பிரகாஷ் எழுந்து வந்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நேத்து சாயங்காலமே அடக்கம் முடிஞ்சிருச்சு. ஒம்பது தடவை போன் பண்ணினேன். அம்மா கடைசியா கேட்டது அந்தப் புடவையைத்தான். கடையில ஒரு நீலப் புடவை வாங்கி, படுக்க வெச்சபடியே முன்னால மட்டும் ஊசி குத்தி அனுப்பினோம். எங்க அந்தப் புடவை?"

சான்ட்ரா என்னவென்று சொல்வாள்... அம்மாவிடமே கொடுத்துவிட்டேன் என்றா?

கையிலிருந்த போன் அதிர்ந்தது. கண்காட்சிக் கூடத்துக் காவலாளி சித்தீக், சென்னையிலிருந்து.

"மேடம், நீங்க வெறுமனே விட்டுட்டுப் போன பொம்மைக்கு யாரு புடவை கட்டினது? பூட்டு போட்டபடியேதான் இருக்கு. நீலப் புடவை மேடம்... பின்பக்கமும் சுத்தி நல்லாக் கட்டியிருக்கு. தரையெல்லாம் ஈர மண்ணா இருக்கு. கூட்டிடவா?"