நிலா விளங்காததால் கிடைத்த இடம்

தலைமை நாற்காலியை நிறைத்து, பக்கத்து நாற்காலியிலும் கொஞ்சம் இடம் பிடித்து வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி வந்த மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநரின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

என் அக்கா மகளைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். ஆயிரம் பேர் தட்டினால் பத்துப் பேருக்கு மட்டுமே திறக்கும் பல்கலைக்கழகக் கதவு அவளுக்குத் திறந்திருக்கிறது. திறந்து வைத்தவர் யார்? அடியேன்தான். முன்வரிசையில் என் அக்கா நெற்றியில் கை வைக்கிறார். நான் மைக்கைப் பிடித்தால் அவர் எப்போதும் அப்படித்தான்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். எட்டும் எட்டும் பதினாறு. பட்டதாரிகளே பதினைந்து ஆண்டுதான் படிக்கிறார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் விரிவுரையே கிடையாது. மேசைக்கு ஆறு மாணவர்கள். ஒருவர் படித்ததை மற்ற ஐவருக்கும் விளங்கவைக்க வேண்டும். விளங்கிய பிறகுதான் அடுத்த பாடம். ஆகவே எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கும் கடைசியாக ஒரு சோதனை: வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப்போய், அங்கே கேட்கும் கேள்விக்கான விடையை அவருக்குப் புரியவைக்க வேண்டும். அன்று அக்காவுக்குக் காய்ச்சல். புறப்பட்டேன் நான், சலவைச் சட்டையோடு.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேராசிரியர்கள்: ஓர் அம்மையார், ஒரு வழுக்கைத்தலை ஐயா. ஐயா கேள்வியைப் படித்தார்: “ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால் நிலா ஏன் கூடவே வருகிறது?”

யாரை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், பாருங்கள்! இருபது ஆண்டுகளாக நிலாவைச் சன்னலோரம் ஏற்றி, பயணச்சீட்டு இல்லாமல் ஊர் ஊராய் அழைத்துப் போனவனை வைத்துக்கொண்டு!

அக்கா மகள் பலகையில் கோடு போட்டாள். கோணம் என்றாள், தொலைவு என்றாள். எனக்கு ஓர் எழுத்தும் ஏறவில்லை. ஆனால் பிள்ளையின் எதிர்காலம் அல்லவா? பலமாகத் தலையாட்டினேன். “அருமையா புரிஞ்சிருச்சும்மா.”

“அப்ப நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன்” என்றார் அம்மையார்.

“அதாவதும்மா, நிலாவுக்கும் என் வண்டிக்கும் ஒரே வேகம்.”

“வண்டி நின்னா?”

“அதுவும் நிக்கும். மரியாதை தெரிஞ்ச நிலா.”

பிள்ளையின் முகம் வெளுத்தது. அவள் கைக்கு எட்டிய இடத்தை என் தலையாட்டலே தட்டிவிடப் பார்த்தது. கோபித்தாளா? இல்லை. அழுதாளா? அதுவும் இல்லை. பலகையை அழித்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாமா, எனக்காகத் தலையாட்டாதீங்க. நான் சொன்ன விதம் சரியில்ல. எந்த இடத்துல விட்டுப் போச்சு?”

“கோணம்னியே, அந்த ஸ்டாப்லயே இறங்கிட்டேன்.”

“சரி, எந்திரிங்க. நடப்போம்.”

தாழ்வாரத்தில் நடந்தோம். பேராசிரியர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

“சன்னல் வழியா பாருங்க மாமா. எது சட்டுனு பின்னால போகுது?”

“கிட்ட இருக்கிற கம்பம்.”

“அந்த மாடிக் கட்டடம்?”

“அது மெதுவா போகுது.”

“கடைசியில தெரியுதே, மலை?”

நின்றுவிட்டேன். “அது எங்க போகுது? கூடவேல்ல வருது.”

“நிலா அதைவிட எவ்வளவு தூரம்?”

அவையோரே, அந்தக் கணத்தில் என் வண்டியிலிருந்து நிலா இறங்கிக்கொண்டது. பெருமை போனது, பாடம் புரிந்தது. அதோடு விட்டேனா? வாய் சும்மா இருக்குமா?

“அப்ப உதிக்கிறப்போ அவ்வளவு பெருசா இருக்கே, மேல ஏறுனா ஏன் சிறுத்துப்போகுது?”

அவள் யோசித்தாள். “தெரியல மாமா.”

முடிந்தது, நானே கவிழ்த்துவிட்டேன் என்று சுவரில் சாய்ந்தேன். வழுக்கைத்தலை ஐயா சிரித்தார். “எனக்கும் முழுசாத் தெரியாது. வாம்மா, சேர்ந்து பார்ப்போம்.”

அந்த ‘வாம்மா’தான் அவளுக்குக் கிடைத்த இடம். கடிதம் பிறகுதான் வந்தது.

பின்வரிசையில் என்ன கேட்கிறீர்கள்? எனக்கும் இடம் கொடுத்தார்களா என்றா? கெஞ்சினார்கள். வண்டியை யார் ஓட்டுவது என்று மறுத்துவிட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். வகுப்பில் ‘புரியவில்லை’ என்றால் சிரிப்பு. வீட்டில் சொன்னால் அதட்டல். வேலையிடத்தில் சொன்னால் ஏளனம். தலையை ஆட்டி ஆட்டியே தலை நரைத்தவர்கள் அல்லவா நாம்? புரியாதவனை விரட்டாத அந்த மேசை ஆயிரத்தில் பத்துப் பேருக்கு மட்டும்தானா? மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஒவ்வொரு பள்ளியிலும் அந்த மேசை வேண்டும்! ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும்! அதுவரை, ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும்!

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் இருந்த உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. என் பேச்சில் எது விளங்கவில்லையோ, கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள். விளக்கம் சொல்ல, அடுத்த வாரம்வரை என் அக்கா மகள் இங்கேதான் இருக்கிறாள். வணக்கம்.