நெற்றியில் ஒரு விரிசல்

ஓவியத்தைக் கணப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டக் கூடாது, வக்கீலம்மா. என் பழைய வீட்டில் அது தெரியாமல் இரண்டு குளிர்காலம் மாட்டி வைத்திருந்தேன். படத்துப் பெண்ணின் நெற்றியில் இருக்கும் அந்த மெல்லிய விரிசல் அப்படி வந்ததுதான். மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது. வெயில் பட விட்டதில்லை. அந்த அறையில் சிகரெட் பிடித்ததில்லை. எடுத்துப் போகிறவர்களிடம் பலகையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள்.

லூர்தஸ் அவிலா உங்களை அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்திரண்டில் நானும் அவளும் சன்னிவேலில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் இருந்தோம். அந்தக் காலத்து விளையாட்டு என்ன, திரையில் நாலு கட்டம் இங்குமங்கும் ஓடும், அவ்வளவுதான். ஜனங்களை வாங்க வைத்தது பெட்டிமேல் இருந்த படம். படத்தை லூர்தஸ் வரைவாள். பெயரெழுத்துகளை ஒட்டுவது என் வேலை. ஓவியத்தைத் தொடாமல், மேலே ஒரு கண்ணாடித் தாளை விரித்து அதில் ஒட்டுவோம்.

'பவளக் கோட்டை' என்ற விளையாட்டுக்குக் கடலில் மூழ்கிப் போகிற ஒரு வீராங்கனை வேண்டும் என்றார்கள். லூர்தஸ் தன் மகள் இல்டாவைச் சமையலறை நாற்காலிமேல் ஏற்றி, தலைக்கவசமாக வடிகட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஈட்டிக்குப் பதில் துடைப்பத்தைக் கையில் கொடுத்து நிறுத்தினாள். இல்டாவுக்குப் பதினோரு வயது. படத்துக்கோ முப்பது வயதுப் பெண் வேண்டும். அந்தச் சின்ன முகம் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து மூன்று வாரம் வரைந்தாள்.

கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, "பாரு கார்டன், எம்பொண்ணு எவ்வளவு பெரியவளாயிட்டா! எனக்குத்தான் இன்னும் வயசே ஆகல" என்று சிரித்தாள்.

விற்பனை மேலாளர் எட்டிப் பார்த்தார். "மூஞ்சியப் பாத்தா வாங்குறானுங்க? பேரப் பெருசாப் போடுய்யா."

போட்டேன். எழுத்துகள் மூக்கிலிருந்து நெற்றிவரை மறைத்தன. கடைக்குப் போன அத்தனை பெட்டிகளிலும் ஒரு வாயும் ஒரு தாடையும்தான். முழு முகம் அசலில் மட்டும் இருந்தது.

எண்பத்து நான்கு ஏப்ரலில் இல்டா மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். மூன்றே நாள். அந்தக் கோடையில் கம்பெனியையும் மூடினார்கள். இழுப்பறைகளைக் காலி செய்யும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். அறுபத்து மூன்று ஓவியங்கள் இருந்தன. அறுபத்திரண்டை நான்தான் பின்வாசல் குப்பைத் தொட்டியில் போட்டேன். பெரிய பலகைகள் தொட்டிக்குள் இறங்கவில்லை, முழங்காலில் வைத்து உடைக்க வேண்டியிருந்தது. அச்சுக்காக எடுத்த பிலிம்களும் போயின. ஒன்றை மட்டும் கம்பளியில் சுற்றி என் காரின் பின்னிருக்கையில் வைத்தேன்.

படங்களைக் கொட்டிய நாலாம் நாள் லூர்தஸ் வந்தாள். மகள் போனபின் அவள் வேலைக்கு வந்திருக்கவில்லை. பாதியாக இளைத்திருந்தாள்.

"கார்டன், அந்தப் படத்த மட்டும் குடுத்துடு. அவ பெரியவளா இருக்கறது அது ஒண்ணுலதான்."

மேலாளர் பக்கத்தில் நின்றார். படம் கம்பெனிச் சொத்து, எடுத்தேன் என்றால் திருட்டு. "எல்லாத்தையும் கொட்டியாச்சு, லூர்தஸ்" என்றேன். அதுவரை என்மேல் தப்பில்லை என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

குப்பை எங்கே போகும் என்று கேட்டாள். விரிகுடா ஓரத்துக் குப்பைக் கிடங்குக்கு நானே கூட்டிப் போனேன். என் வீட்டுக்கு அந்த வாரம் வண்ணம் பூசிக்கொண்டிருந்ததால் படத்தைக் காரிலிருந்து இறக்கவில்லை. அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அது அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் இருந்தது. கிடங்கில் வேலிக்கு வெளியே நின்று, புல்டோசர் மண்ணை இழுத்து மூடுவதைப் பார்த்தாள். அவள் கைப்பையை நான் பிடித்துக்கொண்டேன். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அதுவரை யாரும் என் தோளில் சாய்ந்து அழுததில்லை. படத்தைப் பற்றிச் சொல்ல அது ஏற்ற நேரமாக எனக்குப் படவில்லை.

அப்புறம் வேறு சில கம்பெனிகளின் படங்களை யாரோ குப்பையிலிருந்து காப்பாற்றினார்கள் என்று செய்தி வந்தது. அவளுக்கு நம்பிக்கை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இனிப்பு ரொட்டியோடு என் வீட்டுக்கு வருவாள். இருவரும் தேடப் போவோம். சான் ஹோசே பழஞ்சாமான் சந்தை, செத்தவர்களின் சாமான்களை விற்கும் கராஜ், பழைய விளையாட்டுகளைச் சேர்க்கிறவர்களின் கண்காட்சி. ஒரு ஞாயிறுகூட நான் தவறவிட்டதில்லை.

"எம்புருஷன் இருந்திருந்தாக்கூட இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டான்" என்பாள்.

மறுபடி வரையலாமே என்று ஒருமுறை கேட்டேன். "வராது கார்டன். அப்ப அவ வளருவான்னு நம்பி வரைஞ்சேன்" என்றாள். அதன்பின் நான் அதைக் கேட்டதில்லை.

என் படுக்கையறைக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். ஒருநாள் ரொட்டியை அறுத்துக்கொண்டே கேலி செய்தாள். "என்னப்பா, உள்ள யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"ஆமா. ஒரு பொண்ணு."

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கிடைத்துவிட்டால் தேட வேண்டியதில்லையே. தேட வேண்டியதில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன செய்வாள்? தனி மனுஷி. அவளுக்குப் போக ஓர் இடம் வேண்டாமா? நான் அவளுக்காகத்தான் யோசித்தேன்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவள் கண் கெட ஆரம்பித்தது. டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். நடுப்பார்வை முதலில் போகும், ஒரு வருஷம் தாங்கலாம் என்றார். திரும்பி வரும்போது காரில் சொன்னாள். "முகந்தான் முதல்ல போகுமாம் கார்டன். இந்த ஒரு வருஷத்துக்குள்ள கெடைச்சாப் போதும். ஒரே ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் போகட்டும் கண்ணு."

அந்த வருஷம் பூராவும் யோசித்தேன், வக்கீலம்மா. முகத்தைக் காட்டிவிட்டு உடனே பறிப்பது கொடுமை அல்லவா? அதனால் பொறுத்திருந்தேன். அடுத்த கோடையில் அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சின. அதன்பின் நான்தான் ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போவேன்.

போன மாதம் அவள் மிகவும் சோர்ந்திருந்தாள். ஆறுதலாக இருக்கட்டும் என்று, படம் குப்பைக்குப் போகும் முன் அதைப் பார்த்த ஒருவரைச் சந்தித்ததாகச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்தாளாம்?"

சொன்னேன். இடது புருவம் லேசாக ஏறியிருக்கும், சிரிப்பை அடக்குகிற மாதிரி. கன்னம் ஒட்டியிருக்கும், ஆனால் நோஞ்சான் இல்லை. கண்ணுக்குள் இரண்டு பச்சைப் புள்ளிகள். அவள் என் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் பேச்சு நிற்கவில்லை. "நெத்தியில முடி மாதிரி ஒரு விரிசல் இருக்கு, ஆனா அது அழகக் கெடுக்கல" என்றேன்.

அவள் கை மேசைமேல் அப்படியே நின்றது.

"அப்ப அந்தப் படத்துக்கு ரெண்டு வயசு. அதுல விரிசலே கெடையாது" என்றாள். பிறகு, "எத்தன வருஷமா கார்டன்?"

"முப்பத்து மூணு."

"எனக்குக் கண்ணு தெரிஞ்சப்ப..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. கத்தவில்லை, திட்டவில்லை. "ரொட்டி மேசைல இருக்கு. எடுத்துட்டுப் போயிடு" என்றாள். எடுத்துக்கொண்டு வந்தேன். கோபம் இருந்தால் ரொட்டி தருவாளா?

அதன்பின் மூன்று ஞாயிறு போனேன். மணியடித்தேன், திறக்கவில்லை. காதும் மந்தமாகிறதோ என்னவோ.

ஆம், நான்தான் எடுத்தேன். நான்தான் மறைத்தேன். கண் போகும்வரை தெரிந்தேதான் காத்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். படத்தையும் இன்றே எடுத்துப் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல வருவேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். முகம் எப்படி இருக்கிறது என்று யாராவது அவளுக்குப் பார்த்துச் சொல்ல வேண்டுமே.