செமிஃபைனல் காலையில் வந்த போன்

உக்காருங்கண்ணா. ஏசியைக் கொஞ்சம் குறைச்சு வைக்கறேன், உங்களுக்குக் குளிர் ஒத்துக்காதுன்னு அவ சொல்லியிருக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஈரத் துண்டு கிடக்கு. இப்படி வாங்க.

அவ பக்கத்து ரூம்ல தூங்குறா. ஃபைனல் இருக்கற நாள்ல மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டாத்தான் சாயங்காலம் அவளுக்குக் கால் ஓடும். சுவர் மெல்லிசு. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். அவ தம்பி உங்களைப் பாத்திருக்கான். மெடல் வாங்கிட்டு மேடையை விட்டு இறங்கின பிறகுதான் அக்காவுக்குப் பாப்பா விஷயமே தெரியும்னு பேச்சுவாக்குல சொல்லியிருக்கான். உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். குழந்தை சாகக் கிடக்கறது தெரிஞ்சும் ஆடிட்டு வந்தவன்னுதானே இத்தனை வருஷமா அவளை நினைச்சுட்டு இருந்தீங்க. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம், நானே சொல்லிடறேன். எதையும் மூடி மறைக்கற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல பேட்மிண்டனுக்கு எங்களை ஜோடி சேத்து விட்டவர் கோச். நான் நெட்டை, பின்னாடி நின்னு அடிப்பேன். அவ குள்ளம், வலை ஓரமா ஓடிக்கிட்டே இருப்பா. அதனால அவ சுண்டெலி, நான் யானை. தனியா ஆடினா ரெண்டு பேருமே சுமார்தான், யாரும் சீண்ட மாட்டாங்க. சேந்து இறங்கினா வேற ஆளுங்களா ஆயிடுவோம்.

டபிள்ஸ்ல எந்த ஷட்டில் கஷ்டம்னு தெரியுமா? வேகமா வர்றது இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல வர்றது. அவ எடுப்பான்னு நான் நிப்பேன், நான் எடுப்பேன்னு அவ நிப்பா, அது பாட்டுக்குத் தரையில விழுந்துடும். எங்களுக்குள்ள அந்தத் தகராறே வந்ததில்ல. நடுவுல வர்றதெல்லாம் என்னோடது. “யோசிக்கறதை நீ பாத்துக்கோக்கா, ஓடறதை நான் பாத்துக்கறேன்”னு ஆரம்பத்துலயே சொல்லிட்டா. அவளுக்கும் சேத்து முடிவெடுக்கறது எனக்குப் பழகிப்போச்சு.

அப்புறம் அவளைக் கட்டிக்க நீங்க வந்தீங்க. கணக்கு வாத்தியார், தங்கமான மனுஷன். உங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. பாப்பா பிறந்ததும் அவ வீட்டோட இருந்துட்டா. நான் வேற வேற பொண்ணுங்களோட ஆடிப் பாத்தேன், முதல் சுத்துலயே மண்ணைக் கவ்வினேன். ஒருதடவை தோத்துட்டு வெளிய வர்றப்ப ரெண்டு சின்னப் பொண்ணுங்க என் காதுபடவே சிரிச்சுதுங்க. “சுண்டெலி இல்லாட்டி யானைக்குக் காலே இல்லடீ.” எனக்குக் கோபம் வரல. உண்மையைத்தானே சொன்னாங்க.

பாப்பா நடக்க ஆரம்பிச்சதும் அவ திரும்பி வந்தா. குழந்தையை நான் பாத்துக்கறேன், நீ போய் ஆடுன்னு நீங்கதான் அனுப்பி வச்சீங்க. அந்த நன்றி எனக்கு என்னைக்கும் உண்டு.

அந்தப் போட்டி நடந்த ஊர் உங்க வீட்டுலேர்ந்து ரொம்பத் தூரம்கூட இல்ல. காலையில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேந்துடலாம். ஆடற நாள்ல கையில போன் இருக்கக் கூடாதுன்னு கோச் சொல்லிட்டார். மூத்தவங்கறதால ரெண்டு போனும் என் பையிலதான் இருக்கும். செமிஃபைனல் காலையில அவ கயிறு குதிச்சுட்டு இருந்தா. அவ போன்ல நீங்க கூப்பிட்டீங்க. காய்ச்சல் ஏறி பாப்பாவுக்கு வலிப்பு வந்துடுச்சு, மூளைக்காய்ச்சல்னு சொல்றாங்க, ஆஸ்பத்திரியில இருக்கோம், அவளை உடனே வரச் சொல்லும்மான்னீங்க. உங்க குரல் நடுங்கிச்சு.

“சொல்றேண்ணா”ன்னேன்.

சொல்லத்தான் போனேன். அவ மூச்சு வாங்கிக்கிட்டே என்னைப் பாத்துச் சிரிச்சா. “இன்னைக்கு விட்டுடக் கூடாதுக்கா”ன்னா. நின்னு யோசிச்சேன். இவ போய் என்ன ஆகப் போகுது? வைத்தியம் பாக்கறதுக்கு டாக்டர் இருக்கார். பக்கத்துல இருக்க அப்பா இருக்கார். இங்க எனக்கு யார் இருக்கா? அதுவும் நடுவுல வந்த ஷட்டில்தான். நான் எடுத்துட்டேன்.

நீங்க மறுபடி கூப்பிட்டப்ப, “சொல்லிட்டேண்ணா, ஆடி முடிச்சுட்டு வர்றாளாம்”னேன். “அவளா அப்படிச் சொன்னா?”ன்னு கேட்டீங்க. ஆமான்னேன்.

ஜெயிச்சோம். அன்னைக்கு அவ ஆடின மாதிரி நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல.

சாயங்காலமும் கூப்பிட்டீங்க. பாப்பா அம்மா அம்மான்னு அனத்திக்கிட்டே இருக்கா, வரக்கூட வேண்டாம், போன்ல ஒரு வார்த்தை பேசச் சொல்லுன்னு கெஞ்சினீங்க. அவ என் எதிர்லதான் முழங்காலுக்கு ஐஸ் வச்சுட்டு உக்காந்திருந்தா. நான் வராந்தாவுக்கு வந்து, “குழந்தை குரலைக் கேட்டா மனசு விட்டுப் போயிடும், நாளைக்கு ஆட முடியாதுங்கறாண்ணா”ன்னேன். உள்ள போய் அவகிட்ட, “அண்ணாதான் பேசினார். பாப்பா சாப்பிட்டு சமத்தாத் தூங்கிட்டாளாம்”னேன்.

“என்னைத் தேடவே இல்லையாமா?”ன்னு கேட்டா. அதுல அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

“இல்லையாம்”னேன்.

மறுநாள் காலையில நீங்க ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. “போயிட்டா”ன்னு. அதுக்கப்புறம் அவகிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? ஃபைனல் ஒண்ணுதான் மிச்சம் இருந்தது. அதையும் ஆடி ஜெயிச்சோம். மேடையை விட்டு இறங்கினதும், இப்பத்தான் போன் வந்ததுன்னு சொன்னேன். டாக்சியில வழி பூரா அவளை மடியில போட்டுக்கிட்டு வந்தது நான்தான்.

பின்னால நடந்ததை என் தலையில கட்டாதீங்க. அவ வாசப்படி ஏறும்போது, “கோப்பை எங்கே, கொண்டு வரலையா?”ன்னு கேட்டீங்களே தவிர, ஏன்டி வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவளாவது கேட்டாளா? குழந்தை ஆஸ்பத்திரியில கிடந்ததை நீங்க மறைச்சுட்டீங்கன்னு அவ உள்ளுக்குள்ளயே வெந்துட்டு இருந்தா. நான் ரெண்டு பேருக்கும் ஆறுதல்தான் சொன்னேன். அவளுக்கு ஆட்டம்னா பைத்தியம், மன்னிச்சுடுங்கண்ணான்னு உங்ககிட்ட சொன்னேன். ஆம்பளைங்களே அப்படித்தான், தானே சமாளிச்சுக்கலாம்னு நினைச்சிருப்பார்னு அவகிட்ட சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் விவாகரத்துல கையெழுத்துப் போட்ட அன்னைக்கும் வெளிய பெஞ்சுல அவளுக்காகக் காத்துக் கிடந்தது யாரு? நான்தானே.

இப்ப நாங்க இருக்கற இடம் உங்களுக்கே தெரியும். எங்க பேர் அட்டவணையில பக்கத்துல வந்தாலே எதிராளிக்கு முகம் செத்துடும். அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு கிடையாது, போன் பண்ணணுங்கற தவிப்பு கிடையாது. ஆட்டத்துல அவ கவனம் இம்மி பிசகறதில்ல. இதை நான் பெருமைக்குச் சொல்லல.

ஆமாண்ணா, தெரிஞ்சுதான் செஞ்சேன். பாப்பா பிழைக்கறது கஷ்டம்னு உங்க குரல்லயே தெரிஞ்சுது. சொன்னா அவ மட்டையை அங்கேயே போட்டுட்டு ஓடியிருப்பா. ஓடினவ திரும்பி வந்திருக்க மாட்டா. அதனாலதான் சொல்லல. கடைசியா ஒருதடவை குழந்தை குரலைக் கேக்க விடாமப் பண்ணினதும் நான்தான். மறுநாள் அவ நல்லாத் தூங்கி எழுந்து ஆடணும், அவ்வளவுதான்.

ஆனா அவளைக் கேட்டுப் பாருங்க. அக்கா இல்லாட்டி நான் என்னைக்கோ செத்திருப்பேன்னுதான் சொல்லுவா. பெத்த தாய்கூட அவளை அப்படிப் பாத்துக்கிட்டது இல்ல.

ஏன் எழுந்துட்டீங்க? கதவைத் தட்டாதீங்கண்ணா. அவளுக்குத் தெரியணும்தான், நான் வேண்டாம்னு சொல்லல. இந்த ஃபைனல் மட்டும் முடியட்டும். முடிஞ்சதும் நானே பக்குவமா அவகிட்ட சொல்லிடறேன்.