ஜெரிசனுக்கு வந்த தபால்

லவீனா,

நீர் கொண்டுவந்து தந்த சொக்கிலேற் பெட்டி இன்னும் பிரிட்ஜுக்குள் அப்படியே இருக்கிறது. நான் இனிப்புச் சாப்பிடுவது குறைவு. ஜெரிசன் இருந்திருந்தால் ஒரு பின்னேரத்துக்குள் முடித்துவிட்டு, எலி தின்றுவிட்டது என்று சொல்லியிருப்பான்.

தம்பியின் முப்பத்தோராம் நாள் பூசைக்காக நோர்வேயிலிருந்து குருநகர் வரைக்கும் வந்து, எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு நீர் என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்.

"அக்கா, அவர் ஏன் எனக்கு அப்பிடி எழுதினவர்?"

தெரியாது பிள்ளை என்றேன். தேத்தண்ணி ஆறுகிறது, குடியும் என்றேன். எனக்குத் தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதபடியால் அன்றிலிருந்து சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுகிறேன். பாதரிடம் போய்ச் சொல்லலாம்தான். பத்துத் தரம் 'அருள்நிறைந்த மரியே' சொல்லச் சொல்லிவிட்டு அனுப்பிவிடுவார். கேட்டவர் நீர். ஆகவே உமக்கே எழுதுகிறேன்.

நான் தபால் கந்தோரில் வேலை செய்பவள். பத்தொன்பது வருஷமாகிறது. ஒருவருக்கு வந்த கடிதம் ஒருநாள்கூட என் கையில் வீணாகத் தங்கியதில்லை. வெள்ளம் வந்த வருஷம் தபால்காரர் வராமல் நின்றபோது, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே தண்ணீருக்குள் நடந்துபோய்க் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஜெரிசன் என்னைப் பகிடி பண்ணுவான். கணினியில் நீங்கள் கூடி விளையாடிய விளையாட்டில் கடலுக்கடியில் ஒரு தபால் கந்தோர் இருந்ததல்லவா? கண்ணாடி போட்ட பொல்லாத கிழவி ஒருத்தி அதில் இருந்தாள். அவளிடம் கொடுத்தால் கடல் வற்றினாலும் கடிதம் போய்ச் சேரும் என்று எழுதி வைத்திருந்தான். அந்தக் கிழவி நான்தான். அவன் வாசித்துக் காட்டியபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. கிழவியோடா நான் என்று காதைத் திருகினேன். உள்ளுக்குள் சரியான சந்தோஷம்.

உமக்கு அவனைத் திரையில்தான் தெரியும். எனக்கு அவன் பிறந்த நாளிலிருந்து தெரியும். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நாங்கள் இரண்டு பேர்தான். கடலடியில் மூழ்கிக் கடலட்டை குளிக்கப் போனவன், ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வந்திருக்கிறான். படகில் தூக்கி ஏற்றும்போதே இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அது ஆறு வருஷத்துக்கு முதல். அன்றுதொடக்கம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவனைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். அதற்காக என் கைத்தொலைபேசியில் மணி வைத்திருந்தேன். நான் கந்தோரில் நிற்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுச் செபநாயகம் அண்ணை வந்து புரட்டுவார். ஆறு வருஷத்தில் அவனுடைய தோலில் ஒரு சிவப்புக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் தாதிமார் மற்றவர்களைக் கூப்பிட்டு அவனுடைய முதுகைக் காட்டுவார்கள்.

முதல் இரண்டு வருஷம் முகட்டைப் பார்த்தபடியே கிடந்தான். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்த அளவெட்டிப் பெடியன் சுபாஸ்கரன்தான் இந்த விளையாட்டைக் காட்டித் தந்தது. திரையில் ஒரு மேசை. அதைச் சுற்றி நாலு நாட்டில் இருக்கும் நீங்கள். ஒருவன் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் ஆட்களாகித் தாயக்கட்டை உருட்டுகிறீர்கள். எனக்கு அது விளங்கவேயில்லை. ஆனால் கதையை நடத்துகிறவன் தானே என்று வந்தவுடன் ஜெரிசனின் முகத்தில் இரத்தம் ஓடியது விளங்கியது. தான் குளித்த கடலை எல்லாம் வரையத் தொடங்கினான். பாறைகள், சங்குப் படுக்கைகள், மூழ்கித் தாண்ட கப்பல்கள். கையில் இருக்கும் விளக்கு எட்டுமட்டும்தான் உங்களுக்குக் கடல் தெரியும் என்று வைத்திருந்தான். நீர் விளக்கைத் தூக்கும் போதெல்லாம் இங்கே கட்டிலில் கிடந்து சிரிப்பான். மூன்று வருஷம் அப்படி வரைந்தான்.

விளையாட்டுக் கம்பனிக்குச் சந்தா கட்டவேண்டும். அவனிடம் வங்கி அட்டை இல்லை. என்னுடைய அட்டை, என்னுடைய பெயர், என்னுடைய மின்னஞ்சல். ஆகக் குறைந்த சந்தாவைத்தான் எடுத்திருந்தோம். வரைந்து வரைந்து அதன் இடம் முட்டிவிட்டது. ஆவணி பதினாறாம் திகதி புதுப்பிக்கும்போது பெரிய சந்தாவுக்கு மாறவேண்டும், மாறாவிட்டால் கொள்ளாத வரைபடங்கள் அழிக்கப்படும் என்று கம்பனி எனக்கு எழுதியது. ஒருதரம் அல்ல, மூன்று தரம் எழுதியது.

அவனுக்கு அந்தப் பெரிய சந்தா வேறொன்றுக்கும் வேண்டியிருந்தது. அதை எடுத்தால் வெளியாட்களுக்கும் மேசை போட்டுக் கதை நடத்திக் காசு உழைக்கலாம். முள்ளந்தண்டு பாதித்தவர்கள் சேர்ந்திருக்கும் ஒரு இல்லம் வவுனியாவில் இருக்கிறது, அந்த உழைப்பில் அங்கே போய் இருக்கலாம் என்று நீர்தான் அவனை எழுதிப்போடச் செய்தீர். அவர்களுடைய பதில் என் கந்தோருக்கு வந்தது. வந்த அன்றே கொண்டுவந்து கையில் கொடுத்தேன். இதையும் நீர் மறக்கக்கூடாது. வாசித்துவிட்டு அவன் சொன்னான்:

"அக்கா, உந்தச் சந்தாவைப் பெரிசாக்கு. மாசிக்குள்ளை நான் வவுனியா போயிடுவன். எனக்குப் பம்பேர்ஸ் மாத்தியே உன்ரை காலம் போகப்படாது. இனி நீ உன்ரை சீவியத்தைப் பார்."

நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். ஓம், பாப்பம் என்றேன்.

அவன் நல்லதைத்தான் நினைத்தான். எனக்கு ஏதோ சீவியம் வெளியே காத்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தான். எனக்கு அவனைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை, லவீனா. மணி அடிக்கும், எழும்பிப் போவேன், அங்கே புரட்டுவதற்கு ஆள் இராது. அந்த இல்லத்தில் தானாகப் புரளப் பழக்குவார்களாம். தானாகப் புரண்டால் பிறகு நான் எதற்கு?

நாலுதரம் கேட்டான். நாலுதரமும் ஓம், பாப்பம் என்றேன். திகதி தவறிய பிறகு, மறந்துபோனேன் தம்பி என்று சொன்னேன். உங்கள் எல்லோருக்கும் அதுதான் தெரியும், அக்கா மறந்துபோனா என்று.

நான் எதையும் மறக்கிறவள் அல்ல. பதினாறாம் திகதி மத்தியானம், கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில், கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெரிய சந்தா மேலே, பழைய சந்தா கீழே. கட்டக் காசு இருந்தது. கீழே இருந்ததை அழுத்தினேன். இத்தனை வரைபடங்கள் அழியும், உறுதிதானா என்று கேட்டது. படிவம் என்றால் நான் கடைசி எழுத்துவரை வாசிப்பேன். வாசித்துவிட்டு உறுதி என்று அழுத்தினேன். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து மூன்று பதிவுத் தபாலுக்கு முத்திரை குத்தினேன்.

பின்னேரம் அவன் திறந்தபோது வெறும் வெள்ளை. ஏசுவான் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"பரவாயில்லை அக்கா. உனக்கும் எத்தினை வேலை" என்றான்.

சொல்லிவிட்டு அழுதான். முப்பத்து மூன்று வயது ஆம்பிளை, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பிடிக்கிறமாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அது பொய் அழுகை அல்ல. கணினியையும் தொலைபேசியையும் என்னிடம் தந்து, அவர்களுக்கு நீயே சொல்லிவிடு, என்னால் ஏலாது என்றான். அன்றிரவே உங்களுக்கு எழுதிப்போட்டேன்.

அடுத்தநாள் காலமை உம்முடைய மின்னஞ்சல் என் பெட்டிக்கு வந்தது. எட்டு வரி. கவலைப்படவேண்டாம், மூன்று வருஷமாக ஒவ்வொரு வரைபடத்தையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், தபால் கந்தோர்கூட இருக்கிறது, இரண்டு நாளில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர். தலை இழுத்துக்கொண்டு நின்ற நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டுதரம் வாசித்தேன். அவன் பக்கத்து அறையில்தான் கிடந்தான். பத்து அடி தூரம்.

எனக்கு விளையாட்டு அலுத்துவிட்டது, இனி எழுதவேண்டாம் என்று உமக்கு வந்த பதில் அவன் பெயரில் நான் எழுதியது. ஒற்றுப் பிழை இல்லாமல் இருந்ததிலேயே நீர் கண்டுபிடித்திருக்கலாம். அவன் ஒருநாளும் ஒற்றுச் சரியாகப் போட்டவன் அல்ல. பத்து நாள் கழித்து நீர் அனுப்பிச் சுபாஸ்கரன் மோட்டார்ச் சைக்கிளில் வந்தான். தம்பி நித்திரை, ஒருவரையும் பார்க்க விருப்பமில்லையாம் என்று வாசலிலேயே அனுப்பினேன். எலுமிச்சந் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

நாளைக்குச் சொல்லுவேன் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஆனால் அந்த நாட்களில் அவன் என் கையைப் பிடித்தபடிதான் நித்திரை கொண்டான். வவுனியாக் கதை நின்றுவிட்டது. நான் ஊட்டினால் சாப்பிட்டான். விடு அக்கா, இப்படியே கிடக்கிறேன் என்று, நான் புரட்டிவிட்ட சுவர்ப்பக்கமே பார்த்துக் கிடப்பான், கை மட்டும் பின்னால் வந்து என் கைக்குள் இருக்கும். மணி அடிக்கும். புரட்டுவதென்றால் அந்தக் கையை விடவேண்டும். மணியை நிற்பாட்டிவிட்டு அப்படியே இருந்துவிடுவேன். நான் லீவு போட்டிருந்தபடியால் செபநாயகம் அண்ணையையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

நாரியில், இடுப்புப் பக்கம், ஒரு ரூபாக் காசளவு புண் வந்தது. பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. இவ்வளவு நாளும் வீட்டில் யார் பார்த்தது என்று டொக்ரர் கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்த முதுகை அவருக்கு முந்தித் தெரியாது.

போவதற்கு முதல்நாள் அவனுக்கு நல்ல நினைவு இருந்தது. உதடு காய்ந்திருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். அப்போதுதான் கேட்டான்.

"அக்கா, லவீனா ஏதும் எழுதினவளோ?"

"இல்லையப்பு" என்றேன்.

தலையை ஆட்டினான். அந்த முகம் என்னை விட்டுப் போகவேயில்லை. சமைக்கும்போதும் நிற்கிறது, பூசையில் நற்கருணை வாங்கும்போதும் நிற்கிறது. என் பிள்ளைபோல நான் வளர்த்தவன், லவீனா. எனக்கு அவன்மேல் இருந்த அன்பில் நீர் ஒரு குறையும் சொல்லமுடியாது.

நீர் இனி என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளும். பொலிசுக்குக் காட்டுவதென்றாலும் காட்டும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளவேண்டும். அடக்கம் பண்ணிய அன்று காலமை கந்தோரைத் திறந்து, உம்முடைய எட்டு வரியையும் அச்செடுத்தேன். உறையில் போட்டு, யோ. ஜெரிசன் என்று முகவரி எழுதி, திகதி முத்திரையும் குத்தினேன். பெட்டியை மூடமுதல், செபமாலை சுற்றியிருந்த அவனுடைய கைக்குக் கீழே வைத்தேன். பாதரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஆகவே உம்முடைய கடிதத்தை நான் அவனிடம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. நாற்பத்திரண்டு நாள் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
றஜிதா அக்கா